மறைந்த சொல்லும் மாறிய பெயரும்: பள்ளிப் பிள்ளைகளும் மூல ஆவணங்களும்

1776ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பிலடெல்பியா நகரில் தங்கியிருந்த தாமஸ் ஜெபர்சன், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவை எழுதிக்கொண்டிருந்தார். குடியேற்றங்களில் வாழ்ந்த தம் மக்களைச் சுட்ட வேண்டிய ஓர் இடத்தில், பழகிய கை பழகிய சொல்லையே எழுதிவிட்டது. அரசன் ஒருவனுக்கு ஆட்பட்ட ‘குடிகள்’ என்பது அச்சொல்லின் பொருள். மை உலருமுன் அவர் அதைத் துடைத்தார். துடைத்த இடத்தின் மேலேயே ‘குடிமக்கள்’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லை எழுதினார். வேண்டாத சொற்களைக் கோடிட்டு அடித்து, மேலே திருத்தம் எழுதுவது அவ்வரைவில் பரவலாகக் காணப்படும் முறை. இங்கோ, முன்னைச் சொல்லின் சுவடே தெரியலாகாது என்னும் முனைப்புத் தெரிகிறது.

அச்சுவடு படிக்க முடியாத வெறும் கறையாகவே 234 ஆண்டுகள் கிடந்தது. 2010 ஜூலையில், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரசு நூலகம் ஒரு செய்தியை வெளியிட்டது. வெவ்வேறு அலைநீளமுடைய ஒளியில் அத்தாளைப் பலமுறை படம்பிடித்து, கணிப்பொறியின் துணையால் மேல் மையையும் கீழ் மையையும் பிரித்துப் பார்த்தபோது, அடியில் புதைந்திருந்த சொல் வெளிப்பட்டது. ஆட்பட்டிருந்தோர் தம்மை உரிமையுடையோராக எண்ணத் தொடங்கிய மாற்றம் ஒரே தாளில், ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து கிடக்கிறது. ஒரு சொல்லை நீக்கி மற்றொரு சொல்லை இடுவதன் அருமை கவிஞர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஜெபர்சனின் அவ்வரைவுத் தாள்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இன்று தன் வகுப்பறையில் இருந்தபடியே காண முடியும். ஒரு தலைமுறைக்கு முன் அது இயலாத செயல். இயலாதது இயன்ற வரலாற்றையும், அதனால் பிள்ளைகள் பெற்றது யாது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கருத்து, மூடிய கதவு

வரலாற்றை மூல ஆவணங்களைக் கொண்டே கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து கணிப்பொறிக் காலத்தில் தோன்றியதன்று. அமெரிக்காவில் மேரி ஷெல்டன் பார்ன்ஸ் என்னும் பெண் ஆசிரியர் 1885இல் உலக வரலாற்றுப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நடந்தவற்றைக் கதையாகச் சொல்லி முடிப்பதை விடுத்து, பழைய எழுத்துகளின் பகுதிகளை மாணவர் முன் வைத்து, அவற்றின்மேல் வினாக்களை எழுப்பியது அந்நூல். அதனையடுத்து, 1890களில் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட் மாரோ பிளிங் இதே முறையை உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றார். 1960களில் இங்கிலாந்தில் ‘ஜாக்டா’ என்னும் பெயரால் உறைகள் வெளிவந்தன. கடிதங்கள், சுவரொட்டிகள், வரைபடங்கள் முதலியவற்றின் நேர்ப்படிகள் அவ்வுறைகளுள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கண்ட பொருளையெல்லாம் கூட்டில் சேர்க்கும் காக்கையினப் பறவை ஒன்றின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான்.

இம்முயற்சிகள் மதிக்கப்பட்டனவேயன்றிப் பரவலாகப் பின்பற்றப்படவில்லை. அதற்குக் காரணம் எளியது. ஆவணங்கள் தொலைவில் இருந்தன. ஆசிரியர் எவற்றை அச்சிட்டுக் கொடுத்தாரோ அவற்றையே மாணவர் கண்டனர். தேர்ந்தெடுத்த பத்து வரிகளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதை அறிய வழியில்லை. கையெழுத்து அச்செழுத்தாக மாறும்போது அடித்தலும் திருத்தலும் மறைந்தன. காங்கிரசு நூலகத்தின் ஆய்வுக் கூடங்களில் பதிவு செய்துகொண்டு படிப்பதற்குப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, அந்நாட்டின் பெரிய நினைவுக் களஞ்சியத்தின் மூலங்கள், அந்நாட்டின் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு நேரிற் கிட்டாதவையாகவே இருந்தன.

கதவு திறந்த முறை

காங்கிரசு நூலகம் 1800இல் நிறுவப்பட்டது. 1814இல் ஆங்கிலப் படை வைத்த தீயில் அதன் நூல்கள் அழிந்தன. மறு ஆண்டு, ஜெபர்சனின் சொந்த நூல்தொகுதியை விலைக்கு வாங்கி நூலகம் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒருமுறை எரிந்த நூலகத்திற்கு, மூலத்தின் நொய்மை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜேம்ஸ் பில்லிங்டன் நூலகராக இருந்த காலத்தில், 1990இல் ‘அமெரிக்க நினைவு’ என்னும் முன்னோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒளிப்படங்கள், கையெழுத்துப் படிகள், ஒலிப்பதிவுகள், பழைய திரைப்படத் துண்டுகள் ஆகியவை மின்வடிவில் ஆக்கப்பட்டுக் குறுந்தகடுகளில் பதியப்பெற்றன. அத்தகடுகள் நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 44 பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பப்பட்டன. பெரிய நூலகங்களையும் அறிஞர்களையும் மனத்திற்கொண்டு எழுந்த திட்டத்தை மிகுந்த ஆர்வத்தோடு வரவேற்றவர்கள் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களுமே.

1994இல் முன்னோட்டம் முடிந்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று: ஆர்வம் மிகுதி; ஆனால் குறுந்தகடுகளை ஆக்கி அனுப்பும் செலவு தாங்க இயலாதது. அவ்வேளையில் இணையம் பொதுமக்கள் கைக்கு எட்டத் தொடங்கியிருந்தது. 1994 அக்டோபரில், 1 கோடியே 30 இலட்சம் டாலர் தனியார் நன்கொடையோடு தேசிய மின்னணு நூலகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிற்குள் 50 இலட்சம் ஆவணங்களை இணையத்தில் ஏற்றுவது அதன் குறிக்கோள். 1997 முதல் ஆசிரியர்களை வாஷிங்டனுக்கு வரவழைத்து, இவ்வாவணங்களைக் கொண்டு பாடம் அமைக்கும் பயிற்சியும் தரப்பட்டது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வழிகாட்டவும் ஆள் வேண்டும் என்பதை நூலகம் காலத்தே உணர்ந்திருந்தது.

வழிகாட்டுவதற்கு அது வகுத்த முறை மூன்றே சொற்களில் அடங்கும்: காண்க, கருதுக, கேட்க. முதலில், தாளில் இருப்பதை மட்டும் பிள்ளை சொல்ல வேண்டும். அடுத்து, அதனால் தனக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, தனக்குத் தெரியாததைக் கேள்வியாக்க வேண்டும். கண்டது எது, கருதியது எது என்று பிரித்தறியும் பழக்கமே இதன் உயிர். வளர்ந்தோரிடத்தும் அப்பழக்கம் அரிது.

வரலாற்றறிஞர் படிக்கும் முறை

1991இல் சாம் வைன்பர்க் என்னும் கல்வி உளவியலறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். வரலாற்றறிஞர் எண்மர், உயர்நிலைப் பள்ளி மாணவர் எண்மர் ஆகியோரிடம், 1775இல் லெக்சிங்டனில் நடந்த முதற் சண்டையைப் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். மாணவர் முதல் வரியில் தொடங்கி இறுதி வரியில் முடித்தனர். அறிஞர்களோ கண்ணை நேரே தாளின் அடிக்குக் கொண்டுபோயினர். எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்பவற்றைக் கண்டபின்னரே அவர்கள் முதல் வரிக்குத் திரும்பினர். மாணவர்க்கு ஆவணம் செய்தி தரும் தாள். அறிஞர்க்கோ அது ஒரு மனிதரின் பேச்சு. பேசுபவர் யார் என்று அறியாமல் பேச்சை எடைபோட அவர்கள் இசையவில்லை.

இவ்வேறுபாடு அறிவுக் குறையால் வந்ததன்று, பயிற்சியின்மையால் வந்தது என்பதற்குப் பின்னர்ச் சான்று கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோ நகரின் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் 236 மாணவரைக் கொண்டு அவிஷாக் ரைஸ்மன் ஆறு திங்கள் ஓர் ஆய்வு நடத்தி, 2012இல் முடிவுகளை வெளியிட்டார். ஆவணங்களைக் கொண்டு பாடம் கேட்ட மாணவர்கள் வரலாற்று முறையில் சிந்திப்பதில் முன்னேறியிருந்தனர். அதனோடு, பாடச் செய்திகளை நினைவிற் கொள்வதிலும், பொதுவாக எதையும் படித்துப் பொருள் உணர்வதிலும் மற்றவரை விஞ்சினர். ஆவணங்களில் நேரம் செலவிட்டால் பாடம் முடியாது என்று அஞ்சும் ஆசிரியர்க்கு இது தக்க விடை.

நீக்கப்பட்ட பத்தி

இனி, இம்முறை வகுப்பறையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மூன்று ஆவணங்களால் காணலாம். முதலாவது, தொடக்கத்தில் கூறிய விடுதலைப் பிரகடன வரைவு.

அச்சிட்ட பிரகடனத்தைப் படிக்கும் மாணவர் அதனை ஒரே மூச்சில் பிறந்த அருள்வாக்காகக் கொள்வது இயல்பு. வரைவுத் தாளைக் கண்டதும் அம்மயக்கம் நீங்குகிறது. பக்கம் நிறைய அடித்தல், வரிகளுக்கிடையே பொடி எழுத்து, ஓரங்களில் ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின் ஆகியோர் செய்த மாற்றங்களைப் பற்றிய குறிப்புகள். எல்லாவற்றிலும் பெரிது, முழுமையாக நீக்கப்பட்ட ஒரு நீண்ட பத்தி. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்கும் வாணிகத்திற்கு இங்கிலாந்து மன்னரையே பொறுப்பாளியாக்கிச் சாடும் பத்தி அது. பேரவை அதனை நீக்கிவிட்டது. தென்கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றின் மனம் நோகாதிருக்க அது நீக்கப்பட்டது என்று ஜெபர்சன் பிற்காலத்தில் தம் வரலாற்றில் எழுதிவைத்தார்.

இங்கே பிள்ளைகள் அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள். அப்பத்தி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடிமை வாணிகத்தை இவ்வளவு கடிந்து எழுதியவர் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடையவராக இருந்தது எப்படி? குற்றத்தை மன்னர் மேல் ஏற்றியது நேர்மையா, தப்பித்தலா? இக்கேள்விகளுக்கு ஒருமித்த விடை கிடையாது. ஆயினும், ஒரு நாட்டின் அடிப்படை ஆவணத்தில் எது எழுதப்பட்டதோ அதைப் போலவே எது அடிக்கப்பட்டதோ அதுவும் வரலாறு என்பதைப் பாடநூலின் பத்துப் பக்கங்கள் உணர்த்துவதைவிட அந்த ஒரு தாள் நன்றாக உணர்த்துகிறது.

ஒரு வாய், இரு சான்று

இரண்டாவது ஆவணம் சொல்பவரையும் கேட்பவரையும் பற்றியது. 1936 முதல் 1938 வரை, பொருளாதார வீழ்ச்சியின் இடையே, வேலையற்ற எழுத்தாளர்க்கு வேலை தரும் அரசுத் திட்டம் ஒன்றின்கீழ், முன்னாள் அடிமைகளின் நினைவுகள் தொகுக்கப்பட்டன. 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களும் ஏறத்தாழ 500 ஒளிப்படங்களும் சேர்ந்தன. 1941இல் பதினேழு தொகுதிகளாக ஒழுங்கு செய்யப்பெற்ற இவற்றைக் காங்கிரசு நூலகம் பின்னர் இணையத்தில் வைத்தது.

அவற்றுள், தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் வாக்குமூலம் இருமுறை இடம்பெற்றுள்ளது. இரண்டும் 1937இல் பதியப்பட்டவை. ஒன்றில் அவர் பெயர் சூசன் ஹாம்லின், வயது 104. மற்றொன்றில் சூசன் ஹாமில்டன், வயது 101. முதலாவதில், தம் எசமானர் நல்லவர், அவர் மனைவியின் குடும்பத்தாரும் மேன்மக்கள் என்று மூதாட்டி கூறுகிறார். இரண்டாவதில் கசையடி வருகிறது. ஒரு நாள் மணம் முடிந்த இணையில் மனைவி மறுநாளே விற்கப்பட்ட செய்தி வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஓலம் வருகிறது.

இவ்விரண்டும் வகுப்பறையில் பக்கத்துப் பக்கமாக வைக்கப்படும்போது, ஒன்று பொய் என்பதே பிள்ளைகளின் முதல் முடிவாகிறது. எது பொய் என்று வாதிடுகின்றனர். அப்போது தாளின் தலைப்பைப் பார்க்குமாறு ஆசிரியர் சொல்கிறார். முதல் வாக்குமூலத்தைப் பதிந்தவர் ஜெசி பட்லர் என்னும் வெள்ளைக்காரப் பெண்மணி. இரண்டாவதைப் பதிந்தவர் அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பினத்தவர். பட்லரைக் கண்ட மூதாட்டி, முன்பு தமக்கு உதவி வழங்கிய நலத்துறை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று எண்ணிக்கொண்டதும் அவ்வாவணத்திலேயே பதிவாகியுள்ளது. ஒரு நூற்றாண்டு வாழ்ந்து தளர்ந்த ஏழை மூதாட்டி, தம் உணவுக்கு வழிசெய்யக்கூடியவராகத் தோன்றிய வெள்ளைக்காரப் பெண்மணியிடம் வெள்ளைக்கார எசமானரைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

ஜேம்ஸ் டேவிட்சன், மார்க் லைட்டில் என்னும் இரு வரலாற்றறிஞர்கள் 1982இல் வெளியிட்ட நூலில் இவ்விணையை எடுத்துக்காட்டினர். அன்று அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். இணையத்தில் மூலமே கிடைத்தபின் பள்ளிப் பிள்ளைகளும் அதனைத் தாமே ஒப்பிடக் கற்றனர். அப்பயிற்சியில் அவர்கள் பெறுவது அடிமை முறை பற்றிய செய்தி மட்டுமன்று. ஒருவர் வாய்மொழி கேட்பவரைப் பொறுத்து உருமாறும். அஞ்சியவர் சொல்லும் புகழ்ச்சியிலும் ஓர் உண்மை உண்டு, அது அச்சத்தைப் பற்றிய உண்மை என்னும் அரிய அறிவை அவர்கள் பெறுகின்றனர். மேலும், அம்மக்களின் பேச்சுமொழியைப் பதிந்தோர் தம் செவிக்கும் தம் மனச்சாய்வுக்கும் ஏற்பக் கொச்சையாக எழுதினர் என்பதும் அறிஞர் சுட்டிய குறை. பிறர் குரலை எழுத்தில் கொண்டுவர முயலும் படைப்பாளர் யாவர்க்கும் இது பாடமாகும்.

நூற்பாலையில் ஒரு சிறுமி

மூன்றாவது ஆவணம் ஓர் ஒளிப்படம். அதனை எடுத்த லூயிஸ் ஹைன் (1874–1940) முதலில் பள்ளி ஆசிரியர். நியூயார்க் நகரப் பள்ளியொன்றில் கற்பித்தபோதே ஒளிப்படக்கருவியைக் கையில் எடுத்தார். 1908இல் ஆசிரியப் பணியை விட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் ஒளிப்படக்காரர் ஆனார். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, அந்நாட்டில் பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட உழைப்பாளிகள் பதினேழரை இலட்சம் பேர். ஹைன் சுரங்கங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் மீன் பதனிடும் கூடங்களுக்கும் சென்றார். தீத்தடுப்பு ஆய்வாளர், அஞ்சலட்டை விற்பவர் எனப் பல வேடங்களில் உள்ளே நுழைந்தார். சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தார். சட்டைப் பைக்குள்ளேயே கையை வைத்துக் குறிப்பெழுதினார். குழு 1954இல் காங்கிரசு நூலகத்திற்கு அளித்த 5,100க்கும் மேற்பட்ட படங்கள் இன்று இணையத்தில் உள்ளன. பள்ளியை விட்டுப் போன ஆசிரியரின் படங்கள் மீண்டும் பள்ளிக்கே வந்து சேர்ந்தன.

1910 ஆகஸ்டில், வெர்மான்ட் மாநிலத்தின் வடக்குப் பவ்னல் என்னும் ஊரில், பருத்தி நூற்பாலையில் வேலை செய்த ஒரு சிறுமியை அவர் படமெடுத்தார். வெறுங்கால், அழுக்கேறிய மேலாடை, நூற்பு இயந்திரத்தின்மேல் சாய்த்த மெல்லிய கை, நேரே நோக்கும் கண். படக்குறிப்பில் ஹைன் பதிந்த செய்தி இது: சிறுமிக்கு வயது பன்னிரண்டு, உடன் வேலை செய்யும் சிறுமியர் பத்து என்கின்றனர், பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்ததாகவும், இனி இங்கேயே இருந்துவிடப் போவதாகவும் அவள் ஒப்புக்கொண்டாள்.

இப்படத்தின் முன் அமர்த்தப்படும் பிள்ளைகளும் ஏறத்தாழ அதே வயதினர். காலணி இல்லாததை முதலில் காண்கின்றனர். பிறகு கேள்விகள் எழுகின்றன. வயது பத்தா, பன்னிரண்டா? யார் சொல்வதை ஏற்பது? விடுமுறை முடிந்தபின் அவள் பள்ளிக்குத் திரும்பினாளா? ஹைன் குழந்தைத் தொழிலை ஒழிக்க முனைந்த குழுவின் பணியாளர். மனத்தை உருக்கும் படமே அவருக்கு வேண்டியிருந்தது. அவ்வாறாயின் அச்சிறுமியை அங்கே நிற்கவைத்தவர் அவரா? ஒரு நோக்கத்தோடு எடுத்த படம் சான்றாகுமா? இரக்கத்தில் தொடங்கிய பார்வை ஆராய்ச்சியாக முதிர்வதை ஆசிரியர் இங்கே காண முடிகிறது. ஆராய்ச்சி தொடங்கியதால் இரக்கம் குறைவதில்லை என்பதும் கருதத்தக்கது.

அச்சிறுமியின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலம் ‘ஏடி லேர்டு’ என்றே அவள் பெயர் வழங்கிற்று. 1998இல் அமெரிக்க அஞ்சல்துறை குழந்தைத் தொழிலை நினைவுகூரும் அஞ்சல்தலையில் அவள் படத்தை அச்சிட்டது. அவளை முன்னிறுத்திச் சிறுவர்க்கான புதினம் ஒன்றை எழுதிய எலிசபெத் வின்த்ரோப், கதை முடிந்தபின்னும் அமைதி கொள்ளவில்லை. உண்மையான சிறுமி என்ன ஆனாள் என்று தேடினார். மக்கள்தொகைக் கணக்கேடுகளில் அவ்வூரில் ‘லேர்டு’ என ஒருவரும் இல்லை. 1910ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், பாட்டியின் வீட்டில் அக்கா ஆனாவோடு வாழ்ந்த ‘ஏடி கார்டு’ கிடைத்தாள். வின்த்ரோப்பும், அவரோடு சேர்ந்து தேடிய ஜோ மேனிங்கும் பதிவேடுகளின் வழியே தொடர்ந்து சென்று அவள் வழித்தோன்றல்களைக் கண்டனர். ஏடி கார்டு 1993இல் மறைந்திருந்தார். தம் முகம் நாடெங்கும் அஞ்சல் உறைகளில் பயணம் செய்யப்போவதை அவர் அறியவில்லை.

புனைகதையாளர் ஒருவர் ஆவணத்தைக் கேள்வி கேட்டதால் ஒரு பெண்ணுக்கு அவள் பெயர் திரும்பக் கிடைத்தது. இவ்வகுப்பறை முயற்சி முழுவதன் பயனையும் இந்நிகழ்ச்சியில் காணலாம். எழுதப்பட்டதெல்லாம் உண்மை என்று கொள்பவர்க்கு அவள் என்றும் ‘ஏடி லேர்டு’தான். எழுதப்பட்டதெல்லாம் பொய் என்று தள்ளுபவர்க்கு அவள் யாருமில்லை. ஓர் ஆவணத்தை மற்றோர் ஆவணத்தோடு பொருத்திப் பார்க்கும் பொறுமை உடையவர்க்கே அவள் தன் பெயரோடு தோன்றினாள்.

எல்லைகளும் இடர்களும்

மின்வடிவ ஆவணங்களைப் புகழும்போது அவற்றின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தேர்வு. எவ்வளவு பெரிய நூலகமும் தன் இருப்பில் ஒரு பகுதியையே மின்வடிவில் ஏற்றுகிறது. பதிப்புரிமை, நன்கொடையாளர் விருப்பம், தாளின் நிலை எனப் பல காரணங்கள் அத்தேர்வை நடத்துகின்றன. திரையில் இல்லாதது உலகில் இல்லை என்று எண்ணும் பழக்கம் பிள்ளைகளிடம் எளிதில் வேரூன்றும்.

இரண்டாவது, உருவம். சுவரை நிரப்பும் வரைபடமும் உள்ளங்கையில் அடங்கும் நாட்குறிப்பும் திரையில் ஒரே அளவாகின்றன. தாளின் கனமும் மணமும் மடிப்பும் தெரிவதில்லை. மூன்றாவது, எழுத்து. அச்செழுத்தைக் கணிப்பொறி படிக்கும்போது பிழைகள் மலிகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் நீண்டு வளைந்த ‘எஸ்’ எழுத்தை ‘எஃப்’ என்று அது கொள்வது பலரும் அறிந்தது. கூட்டெழுத்துக் கையெழுத்தோ இன்றைய பிள்ளைகள் பலர்க்கு அயல்மொழி போலாகிவிட்டது. 2018 அக்டோபரில் காங்கிரசு நூலகம், தன் கையெழுத்து ஆவணங்களைத் தன்னார்வலர்கள் படித்து எழுத்துப்பெயர்த்துத் தரும் திட்டமொன்றைத் தொடங்கியது. பொறி செய்ய மாட்டாததை மனிதக் கண் செய்ய வேண்டியிருக்கிறது.

நான்காவது இடர் நுண்மையானது. அடிமைகள் பற்றிய ஆவணங்களில் இழிசொற்கள் உள்ளன, கொடுமைகள் உள்ளன. அவ்வினத்தைச் சேர்ந்த பிள்ளை ஒன்று அதே வகுப்பில் அமர்ந்திருக்கும். ஆவணத்தை மறைப்பதும் தவறு. முன்னறிவிப்பின்றி முகத்தில் எறிவதும் தவறு. எவ்வயதில் எதைக் காட்டுவது, காட்டுமுன் என்ன சொல்வது என்பதைத் தீர்மானிக்க ஆசிரியரின் மனச்சான்றுக்கு ஈடான கருவி இல்லை. ஆவணங்கள் பெருகப் பெருக ஆசிரியரின் தேவையும் பெருகுகிறது என்பதே முப்பது ஆண்டுப் பட்டறிவு.

நிறைவாக

படியோடு படியை ஒப்பிட்டு உண்மை காணும் இம்முயற்சி தமிழுக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, பாடவேறுபாடுகளை ஆராய்ந்தே பாடம் துணிந்தார். ஏட்டில் கண்டதையெல்லாம் அவர் ஏற்கவில்லை. மனம் போனபடி மாற்றவும் இல்லை. அப்பதிப்பு நெறியும் மேலே கண்ட வகுப்பறை நெறியும் ஒரே வினாவில் பிறந்தவை: இச்சொல் இங்கே எவ்வாறு வந்தது?

தமிழிலும் மூலங்கள் இப்போது திரைக்கு வந்துள்ளன. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் உருவானது. 1998இல் மதுரைத் திட்டம் இலக்கியங்களை மின்வடிவில் தரத் தொடங்கியது. 2005இல் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்குமாக நூலகம் திட்டம் எழுந்தது. இவற்றில் அறிஞர்க்கு வேண்டுவன மிகுதி. பழைய செய்தித்தாள் ஒன்றின் பக்கத்தைத் தமிழ் மாணவன் தன் வகுப்பில் திறந்து, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று கேட்கும் பாடவேளை பரவ வேண்டும்.

கணிப்பொறியே இல்லாத முகங்களையும் நடவாத நிகழ்ச்சிகளையும் புனைந்து காட்டும் காலம் இது. இக்காலத்தில் ஒரு படத்தைக் கண்ட பிள்ளை, ‘எடுத்தவர் யார்?’ என்று முதலில் கேட்குமானால், அப்பிள்ளையை ஏமாற்றுவது அரிது. ஜெபர்சன் துடைத்த சொல்லைக் காண நுண்கருவி வேண்டியிருந்தது. ஏடி கார்டின் பெயரைக் காணப் பழைய பதிவேடுகளும் விடாத கேள்வியுமே போதுமானவையாக இருந்தன. அக்கேள்வி எந்த ஊர்ப் பள்ளியிலும் கற்பிக்கத்தக்கது.